ஐந்து மடங்கு

ராத்திரி பதினொன்றே காலுக்கு
பதினாலாம் அறைக்காரர் படியிறங்கி வந்தார்.
தபன் மஹத்தோ, புருலியா.
கையில் மருந்துச் சீட்டு.
செருப்பு இடம் வலம் மாறியிருந்தது.
"மேனேஜர்-தா, இந்த ஊசி எங்கே கிடைக்கும்?"

நேராகப் போய் இடது, அங்கே ஒரு டீக்கடை,
அதைத் தாண்டாமல் வலது என்றேன்.
எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.
அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

தோட்டப்பாளையத்தின் இந்தப் பக்கம்
தெருவுக்குள் சந்து, சந்துக்குள் முடுக்கு,
முடுக்குக்குள் ஒரு லாட்ஜ்,
லாட்ஜுக்குள் மூன்று நடை.
கிட்டப் போய்ப் பார்த்தாலும் அதே படம்,
விலகி நின்று பார்த்தாலும் அதே படம்.
மூலைக்கு மூலை அதே மெடிக்கல், அதே மீன் சாப்பாடு,
வங்காள எழுத்தில் அதே பலகை.

பகலில் நான் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில்
மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவன்.
இரவில் இந்தப் பதிவேடு.
அதன் பின்பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டேன்.
நடுவை வெட்டி எடுத்தேன்.
மிஞ்சிய மூன்றிலும் நடுவை வெட்டினேன்,
பேனா முனையைவிட முக்கோணம் சிறுத்துப்போகும் வரை.

வழி தெரியாதவன் கணக்கு எளிது.
ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு நடப்பான்.
நேர் ரோட்டில்
(ஆற்காடு ரோடு என்று வைத்துக்கொள்வோம்)
இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம்.
இந்த முக்கோண வலையில்
ஐந்து.

அந்த ஒரு மடங்கு எங்கிருந்து வந்தது என்று
பிள்ளைகள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூலையில் கிளம்புகிறவனுக்குச் சராசரி ஐந்து எட்டு.
ஓர் எட்டு வைத்துப் பக்கத்தின் பாதிக்கு வந்தவனுக்கு நான்கு.
எதிர்ப் பக்கத்தின் நடுவில் நிற்கிறானே,
இடக்கையை நீட்டினால் ஒரு வாசல்,
வலக்கையை நீட்டினால் மறு வாசல்,
அவனுக்கும் மூன்று.
இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.
மூன்றேதான்.

பன்னிரண்டு நாற்பது. மின்விசிறி நின்றது.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை இப்போது ஊர்மேல் துப்பிக்கொண்டிருந்தது.
மாடியில் ஷெஃபாலி மஹத்தோ இருமினாள்.
கடை இங்கிருந்து நானூறு அடி.
மூன்று முறை இரட்டித்தால் நூற்று இருபத்தைந்து.
நான்கு முறை என்றால் அறுநூற்று இருபத்தைந்து.
அதற்குமேல் பெருக்கவில்லை.
பெருக்கினால் விடிந்துவிடும்.

நானே கூடப் போயிருக்கலாம்.
சாவிக்கொத்து, கல்லாப்பெட்டி, முதலாளியின் கேமரா
மூன்று மூலையிலும் நின்றன.

ஒன்றரைக்கு வந்தார்.
பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாராம். கோட்டை அகழியையும்.
அகழியை இரண்டு முறை.
ஐஸ் உருகி, ஊசிப் பை சொட்டிக்கொண்டிருந்தது.
"ரொம்பக் கிட்டதான் மேனேஜர்-தா," என்றார்,
"கண்டுபிடித்த பிறகு."

மறுநாள் பதிவேட்டில் விட்டுப்போன கட்டங்களைக் காட்டினேன்.
நிரந்தர முகவரி. தற்போதைய முகவரி.
எங்கள் கணக்கில்
இரண்டு முக்கோணம் தொட்டுக்கொள்ளும் புள்ளிக்கு மட்டும்
இரண்டு முகவரி உண்டு.
பூஜ்யம், ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஓயாமல் போவது ஒன்று.
ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வருவது மற்றது.
இரண்டும் வந்து சேர்கிற இடம் ஒன்றேதான்.
அங்கே கால் வைக்காமல்
இந்த முக்கோணத்திலிருந்து அடுத்ததற்கு
ஒருவரும் போனதில்லை.

இரண்டு கட்டத்தையும் நிரப்பினார்.
காலி செய்யும் தேதி என்ற மூன்றாவதில்
பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.
ஒரு சின்னப் புள்ளி மட்டும் விழுந்தது.

அன்று ராத்திரி
ஒன்பதாம் அறைக்காரர், திரிபுரா,
சீட்டோடு இறங்கி வந்தபோது
நான் வாயைத் திறக்குமுன்
தபன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்,
சரியான கால்களில்.